வானத்துப் பறவைகளை உற்று நோக்கியோர்

மலைப்பொழிவில் நம் ஆண்டவர் இரண்டு ஆசிரியர்களை நமக்குச் சுட்டிக் காட்டுகின்றார். ஒருவர் வானத்துப் பறவை. மற்றவர் வயல்வெளியின் மலர். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் வரும் இப்பகுதியை, கவலைப்படாதிருத்தல் பற்றிய போதனையாகவே நாம் பெரும்பாலும் கேட்டு வந்திருக்கிறோம். அது சரியே. ஆயினும் கிரேக்க மூலத்தில் பறவைகளைக் குறித்து ஆளப்பட்டிருக்கும் வினைச்சொல், பார்வையை ஊன்றி நோக்குவதைக் குறிப்பது. மலர்களைக் குறித்து வரும் சொல் இன்னும் ஒரு படி மேலே சென்று, நன்றாகக் கற்றறிவதைக் குறிப்பது. போகிற போக்கில் ஒரு கணம் கண்ணை உயர்த்திவிட்டுத் தாழ்த்திக்கொள்வதால் இவ்விரு கட்டளைகளும் நிறைவேறிவிடா.

இக்கட்டளைகளைச் சொல்லுக்குச் சொல் வாழ்ந்து காட்டியவர்கள் நமது மண்ணிலேயே இருந்திருக்கின்றனர். வைகை ஆறு நீர் பெறும் மலைகளிலும், அது பாயும் சமவெளியிலும், நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செடிகளுக்குப் பெயரிட்டும், பறவைகளை எண்ணியும், பாறைகளைக் காத்தும் வந்த சிலரின் வரலாற்றைச் சோழவந்தான் ஆற்றங்கரையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நமக்கு நலம் பயக்கும்.

ஒரே ஆண்டில் இரு தொடக்கங்கள்

சோழவந்தான் மதுரைக்கு வடமேற்கே, வைகையின் வடகரையில் அமைந்த ஊர். எதிர்க்கரையில் தென்கரை. ஊரைச் சுற்றி நெல்வயலும் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்கால்களும் பரந்து கிடக்கின்றன. அகத்தி மரத்தைப் பற்றிக்கொண்டு வளரும் இவ்வூர் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் அறிவோம். இந்தப் பசுமைக்கெல்லாம் நீரே காரணம். அந்த நீர் வந்த வரலாறோ 1895-ஆம் ஆண்டைச் சார்ந்தது.

அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் நாள் முல்லைப் பெரியாற்று அணை திறந்து வைக்கப்பட்டது. மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றின் நீரை, பென்னிகுயிக் என்னும் பொறியாளர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். அந்நீர் வைகையில் கலந்து, பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குள் புகுந்தது. பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் நிலம் இருபோகப் பாசனப் பகுதி என இன்றும் வழங்கப்படுகிறது. ஒரு போகத்திற்கே வானத்தைப் பார்த்திருந்த வயல்களில் ஆண்டின் பெரும்பகுதி ஈரம் தங்கலாயிற்று. நெல் வந்த இடத்திற்கு நத்தை வந்தது, தவளை வந்தது, அவற்றைத் தேடி மடையானும் உண்ணிக்கொக்கும் நத்தைக்குத்தி நாரையும் வந்தன. மனிதர் தமக்கென வெட்டிய வாய்க்கால், பறவைகளுக்கும் பந்தி விரித்தது.

அதே 1895-ஆம் ஆண்டில்தான் பழனி மலையின்மீது, கோடைக்கானலுக்கு அருகேயுள்ள செண்பகனூரில், இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி தோன்றியது. அதனோடு ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் தொடங்கப்பெற்றது. பழனி மலையின் தெற்குச் சரிவில் பிறக்கும் வராக நதியும் மஞ்சளாறும் வைகைக்கு நீர் தருபவை. ஆகவே அந்த மலைமீது நடந்த பணியைச் சமவெளியில் வாழும் நாம் அயலார் செய்தியாகக் கருதிவிட இயலாது. மேலே சோலைக்காடு எவ்வளவு நீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுகிறதோ, அதைப் பொறுத்தே கீழே ஆற்றின் ஆயுள் அமைகிறது.

செண்பகனூர்த் துறவியர்

செண்பகனூருக்கு வந்த பிரஞ்சு நாட்டு இயேசு சபையார் இறையியலும் தத்துவமும் கற்பிக்கவும் கற்கவும் வந்தவர்கள். மாலை நேரங்களில் மலைப்பாதைகளில் நடந்தபோது அவர்களுடைய கண்கள் சும்மா இருக்கவில்லை. பூவைப் பறித்து அழுத்தி உலர்த்தி வைத்தனர். பூச்சிகளையும் பாம்புகளையும் பதப்படுத்தினர். பறவைகளைப் பதிவு செய்தனர்.

அவர்களுள் அருட்தந்தை லூயி ஆங்கிலேட் முதலில் நினைக்கத்தக்கவர். மலைச்செடிகளைத் தேடித் தொகுத்த அவரே, அம்மலையில் பரவிக் கிடந்த கற்திட்டைகளையும் அளந்து ஆராய்ந்தார். நியூட்டன் என்பாருடன் இணைந்து அவர் எழுதிய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் நூலாக வெளியிட்டது. செடியை நோக்கிய அதே கண்கள், அச்செடிகளின் நடுவே வாழ்ந்து மறைந்த பழங்கால மனிதரின் கல்லறைகளையும் நோக்கின. இயற்கையை நேசிப்பவன் மனிதனை மறந்துவிடுவான் என்று சிலர் கொள்ளும் அச்சத்திற்கு அவருடைய வாழ்வு நல்ல மறுமொழியாகும்.

அருட்தந்தை ஜார்ஜ் ஃபொரோ தேர்ந்துகொண்டதோ பாசி இனங்களை. ஈரப்பாறையிலும் மரப்பட்டையிலும் பச்சையாய்ப் படிந்திருக்கும் பாசியை நாம் வழுக்கும் என்று அஞ்சி ஒதுங்கிச் செல்வோம். அவர் மண்டியிட்டு அமர்ந்து பார்த்தார். பழனி மலையின் பாசிகளைக் குறித்து அவர் எழுதிய விரிவான ஆய்வு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1961-இல் வெளியாயிற்று. கழகங்களுள் மூத்தது அது; 1883-இல் பம்பாயில் எட்டுப் பேர் கூடித் தொடங்கியது. தொலைவிலுள்ள மலைமீது தனித்து உழைத்த ஒரு குருவானவரின் குறிப்பேட்டை உலக அறிவோடு இணைத்தது அத்தகைய ஒரு கழகமே என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். தனி மனிதன் கண்டது அவனோடு மறையும். கழகத்தில் பதிந்தது தலைமுறைகளுக்கு நிற்கும்.

அவர்கள் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தவர் அருட்தந்தை கே. எம். மத்தேயு. கோடைக்கானலில் அயல்நாடுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட செடிகளைக் குறித்து அவர் எழுதிய நூல் 1969-இல் வெளிவந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியில், தமக்கு முன் அங்கே செடிகளைச் சேகரித்த அருட்தந்தை ரப்பினாவின் பெயரால் ஓர் உலர்தாவரக் காப்பகத்தை 1967-இல் நிறுவினார். தமிழகத்தின் கர்நாடகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1980-களின் தொடக்கத்தில் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய மூன்று பகுதிகள் கொண்ட நூல் 1999-இல் வந்தது. செண்பகனூரில் ஆங்கிலேட் பெயரால் இயற்கை வரலாற்று நிறுவனத்தை உருவாக்கியவரும் அவரே. 2004-இல் அவர் இறையடி சேர்ந்தார்.

இவற்றுக்கிடையே 1991-இல் அவர் வெளியிட்ட ஒரு நூல் நம் தனிக் கவனத்திற்குரியது. மத்தியத் தமிழகத்தின் செடிகளைக் களத்திலேயே இனங்காண உதவும் கையேடு அது. பேரறிஞர்களுக்கெனப் பல தொகுதிகளை எழுதிய ஒருவர், மாணவன் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடப்பதற்கென்றும் ஒரு நூலை எழுதினார். அறிவு நூலக அலமாரியில் முடங்கிவிடக்கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது.

தொடக்க நூலின்படி, விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பெயரிடுவதே முதல் மனிதனுக்கு அளிக்கப்பட்ட முதற் பணிகளுள் ஒன்று. பண்படுத்தவும் காக்கவுமே அவன் தோட்டத்தில் வைக்கப்பட்டான். பெயர் தெரியாத ஒன்றை நாம் காப்பதில்லை. அது அழிந்தால் அழிந்தது என்பதையும் அறிவதில்லை. செண்பகனூர்த் துறவியர் செய்தது இந்த ஆதிப்பணியின் தொடர்ச்சியே.

சுடுவதிலிருந்து எண்ணுவதற்கு

இவ்வரலாற்றை எழுதும்போது ஓர் உண்மையை மறைத்தலாகாது. பழைய காலத்தில் இயற்கையை ஆராய்வோர் கையில் துப்பாக்கியும் இருந்தது. பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துப் பஞ்சடைத்து வைப்பதே அன்றைய ஆய்வு முறை. அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் நாம் வியந்து நோக்கும் பறவைகள் பலவும் அவ்வாறு உயிர் நீத்தவை. அவ்வாறே, மலைமீது தைல மரத்தையும் சீகை மரத்தையும் பைன் மரத்தையும் நட்டவர்கள் நன்மை செய்வதாகவே எண்ணினர். அம்மரங்கள் புல்வெளிகளையும் சோலைகளையும் விழுங்கிய பின்னரே பிழை புலப்பட்டது. நல்லெண்ணம் மட்டும் போதாது, நல்லறிவும் வேண்டும் என்பதற்குப் பழனி மலையே சாட்சி. 1985-இல் அங்கே தோன்றிய பழனி மலைப் பாதுகாப்புக் குழு, பழைய பிழைகளைத் திருத்த முன்வந்த மக்களின் முயற்சியாகும்.

துப்பாக்கியின் இடத்தைக் குறிப்பேடு பிடித்த கதையில் நம் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்க நாட்டில் முன்பு, அத்திருநாளன்று அணி பிரிந்து காட்டுக்குள் சென்று, எந்த அணி மிகுதியாகச் சுட்டு வீழ்த்துகிறது என்று போட்டியிடும் வழக்கம் இருந்தது. 1900-ஆம் ஆண்டில் ஃபிராங்க் சாப்மன் என்னும் பறவையியலாளர், சுடுவதற்கு மாற்றாக எண்ணுவோம் என்று அழைப்பு விடுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 25-ஆம் நாள் 25 இடங்களில் 27 பேர் மட்டுமே எண்ணினர். இன்றோ பல நாடுகளில் பல்லாயிரவர் எண்ணுகின்றனர். அமைதியின் அரசர் பிறந்த நாளில் உயிர்களுக்கும் அமைதி கிடைக்க வழிசெய்த அந்த 27 பேரை நாம் நன்றியோடு நினைக்கலாம்.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதாக ஊர்மக்கள் முறையிட, செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798-இல் அவற்றைக் காக்கும் உரிமையை அவர்களுக்கே எழுதிக் கொடுத்தார். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். நமக்கு மிக அருகில், மதுரையிலிருந்து திருப்பத்தூர் செல்லும் வழியில், வேட்டங்குடியும் கொள்ளுக்குடிப்பட்டியும் உள்ளன. 1977 முதல் பறவைகள் சரணாலயமாக விளங்கும் அங்கே, கூட்டிலுள்ள குஞ்சுகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளி அன்றும் மக்கள் வெடி வெடிப்பதில்லை. தம் குழந்தைகளின் ஆசையை அடக்கிப் பறவைக் குஞ்சுகளுக்கு இடம் தரும் அந்த எளிய மக்களுக்கு எந்தக் கல்லூரியும் பாடம் நடத்தவில்லை.

பருவங்களின் வழிபாட்டு நாள்காட்டி

சென்னையில் 1978-இல் மதராஸ் இயற்கையாளர் கழகம் தோன்றியது முதல், தமிழகத்தின் பல ஊர்களில் இத்தகைய குழுக்கள் அரும்பியுள்ளன. மதுரையில் 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் எழுந்தபோது மக்கள் எதிர்த்து நின்றனர். அதன் தொடர்ச்சியாகப் பசுமை நடை என்னும் இயக்கம் பிறந்தது. மலைகளையும் அவற்றிலுள்ள சமணப் படுக்கைகளையும் கல்வெட்டுகளையும் காண மக்களைக் குடும்பத்தோடு அழைத்துச் சென்றது அது. மதுரை இயற்கை பண்பாட்டு மையம் கண்மாய்களிலும் குன்றுகளிலும் உயிரினங்களைப் பதிவு செய்து வருகிறது. இக்குழுக்களில் ஆசிரியரும் மாணவரும் கடைக்காரரும் அலுவலரும் ஒன்றாக நடக்கின்றனர்.

நம் திருச்சபைக்குத் திருவழிபாட்டு ஆண்டு இருப்பதுபோல், இயற்கையை நோக்குவோருக்கும் ஓர் ஆண்டு உண்டு. சோழவந்தான் வயல்வெளியில் நின்று அதனைத் தொடர்வோம்.

புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் வருகையின் காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் வடக்கிலிருந்து விருந்தினர் வந்து சேர்கின்றனர். மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாய் அமர்கின்றன. உழுத சேற்றில் வாலாட்டிகள் ஓடித் திரிகின்றன. தோப்பு நிழலில், மார்கழிக் குளிரில், விடியலிலும் அந்தியிலும் தவறாமல் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவியைக் கண்ணால் கண்டோர் சிலரே. பெயரே அதன் மணியோசையைச் சொல்லிவிடுகிறது. இமயத்தின் அடிவாரத்திலும் வட இந்தியக் காடுகளிலும் கூடு கட்டும் அச்சிறு பறவை, நம் ஊர்ப் புதரை நம்பித் தெற்கே வருகிறது. அந்தப் புதரை நாம் பயனற்றது என்று எரித்துவிட்டால் அது எங்கே தங்கும்?

தை மாதம் எண்ணிக்கையின் காலம். 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விழாவின் நான்கு நாள்களிலும் பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகின்றனர். ஒருவர் தம் வீட்டு மாடியிலோ வயல் வரப்பிலோ கண்மாய்க் கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து, பொதுவான தரவுத் தளத்தில் சேர்த்துவிடலாம். அறுவடைக்கு நன்றி கூறும் விழாவில், அவ்வறுவடையைப் பூச்சியிலிருந்தும் எலியிலிருந்தும் காத்த இறகுடைய உழைப்பாளிகளையும் நினைப்பது எவ்வளவு பொருத்தம்! நாம் காகம் என்றும் மைனா என்றும் எழுதும் சாதாரணக் குறிப்பும் வீண்போவதில்லை. சாதாரணமானது என்று எவரும் எழுதாததால்தான், சிட்டுக்குருவி எந்த ஆண்டில் எந்தத் தெருவை விட்டு நீங்கியது என்று இன்று எவராலும் சொல்ல முடியவில்லை.

பங்குனி, சித்திரை பிரிவின் காலம். விருந்தினர் வடக்கே திரும்புகின்றனர். கண்மாய் வற்றி வெடிக்கிறது. அப்போது செய்யவேண்டியது வேறு பணி: நீர்வரத்துக் கால்வாயின் நிலையைப் பார்ப்பது, கரையை அடைத்த சீமைக்கருவேலையும் ஆற்றை மூடிய ஆகாயத்தாமரையையும் அகற்றுவது, குப்பை கொட்டும் இடங்களைக் குறித்து உரியவர்களிடம் முறையிடுவது. பழங்காலக் குடிமராமத்தும் இத்தகைய கோடைக்காலத்துக் கூட்டுழைப்புத்தான்.

பின்னர் கால்வாயில் நீர் வந்து நாற்று நிமிரும்போது, தூக்கணாங்குருவியின் காலம் பிறக்கிறது. ஆண்குருவி நாரைக் கிழித்துப் பனை ஓலையின் நுனியில் பாதிக் கூட்டைப் பின்னி நிறுத்துகிறது. பெண்குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் மீதிக் கூடு எழும். நெல்லும் பனையும் நீரும் அருகருகே இருக்குமிடத்தில்தான் இந்தக் குடும்பம் அமையும். வரப்போரப் பனையை வெட்டிய ஊரில் அந்தத் தொட்டில்கள் ஆடுவதில்லை.

அரிட்டாபட்டி தந்த பாடம்

பறவையை எண்ணுவதால் என்ன பயன், வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று கூறுவோர் உண்டு. அவர்களுக்கு மறுமொழி மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியில் கிடைக்கிறது.

ஏழு குன்றுகள் சூழ்ந்த அவ்வூரில் 72 ஏரிகளும் 200 இயற்கை நீரூற்றுகளும் 3 தடுப்பணைகளும், அரிய லகர் வல்லூறு, ஷாஹின் வல்லூறு உள்ளிட்ட சுமார் 250 பறவை இனங்களும், அழுங்கும் தேவாங்கும் மலைப்பாம்பும் இருப்பதைப் பதிவுகள் காட்டின. இவற்றோடு சமணச் சிற்பமும் தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் அங்குண்டு. இவற்றின் அடிப்படையில் தமிழக அரசு 2022 நவம்பரில், அரிட்டாபட்டியையும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் இவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் தலம் அதுவே.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அப்பகுதியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியைத் தனியார் நிறுவனம் ஒன்று ஏலத்தில் வென்றதாக ஒன்றிய அரசு அறிவித்தது. அத்தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர். ஊர்கள் கொதித்தெழுந்தன. கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9-ஆம் நாள் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2025 சனவரி 7-ஆம் நாள் உழவரும் வணிகரும் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரை நோக்கி நடந்தனர். சனவரி 23-ஆம் நாள் அந்த ஏலம் நீக்கப்பட்டது. அங்கே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் இருப்பது அம்முடிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாக எடுத்துரைக்கப்பட்டது.

மக்கள் நடந்ததால் வெற்றி கிடைத்தது, ஐயமில்லை. ஆயினும் அவர்கள் நடந்தபோது அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. ஆண்டுக்கணக்கில் விடியற்காலையில் குன்றின்மீது ஏறி, வல்லூறு எங்கே அமர்கிறது, ஊற்று எப்போது சுரக்கிறது என்று எவரும் கேளாமலே குறித்து வைத்தோர் தந்த பட்டியல் அது. அவர்கள் குறிக்காமல் இருந்திருந்தால், அது வெறும் பாறை என்று சொல்வோருக்கு மறுமொழி கூறுவது கடினமாகியிருக்கும்.

நம் முற்றத்தில்

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாளிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில், ஓர் உயிரினம் அழியும்போது கடவுளைப் புகழ ஒரு குரல் குறைகிறது என்னும் கருத்தை நம்முன் வைத்தார். அதே ஆண்டில் செப்டம்பர் முதல் நாளைப் படைப்பின் பாதுகாப்புக்காக மன்றாடும் நாளாக ஏற்படுத்தினார். செண்பகனூர் மலையில் நம் குருக்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய பணிக்குத் திருச்சபையின் பேராசிரியமே முத்திரையிட்டுவிட்டது.

ஆயினும் நம் முற்றத்தில் நிலைமை என்ன? மனச்சான்றை ஆராய்வோம். ஆலய வளாகத்தில் முன்னோர் நட்ட வேம்பும் புங்கமும் தேர் சுற்றுவதற்கு இடையூறு என்று வெட்டப்பட்டதை நாம் பார்த்துக்கொண்டு நின்றதில்லையா? மழைநீர் இறங்கும் மண்ணைச் சிமெண்டால் மூடி, அதற்கு நன்கொடையாளர் பெயரைக் கல்லில் பொறித்ததில்லையா? பாதுகாவலர் திருவிழாவில் வாணவேடிக்கை நீள நீளப் பெருமை கொண்டதில்லையா? கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தம் பண்டிகையில் மௌனம் காக்கின்றனர். அவர்கள் மலைப்பொழிவைக் கேட்டவர்கள் அல்லர். கேட்ட நாமோ, மாலை மரத்தில் அடையும் கொக்குகளைக் கோயில் வெடியால் கலைக்கிறோம். இது நமக்கு நாணம் தரவேண்டிய ஒப்பீடு.

பரிகாரம் எளிதானது. செப்டம்பர் முதல் நாளிலிருந்து அக்டோபர் 4-ஆம் நாள் புனித பிரான்சிஸ் திருநாள் வரை நீளும் படைப்பின் காலம், நம் சமவெளிக்குப் பறவைகள் வந்திறங்கத் தொடங்கும் காலத்தோடு ஒத்து வருகிறது. ஒவ்வொரு பங்கிலும் மறைக்கல்விச் சிறார் அக்காலத்தில் ஒரு ஞாயிறு காலை, ஆலயத்திற்கு அருகிலுள்ள கண்மாய்க்குச் செல்லட்டும். கண்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். பொங்கல் நாளில் அதே இடத்தில் மீண்டும் நின்று எண்ணட்டும். திருமுழுக்குப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் நூற்றாண்டுகளாகப் பேணத் தெரிந்த நமக்கு, ஊர்ப் பறவைகளின் பதிவேடு ஒன்றைப் பேணத் தெரியாமற் போகாது. இருபது ஆண்டுகள் கழித்து அக்கண்மாய்க்கு ஆபத்து வரும்போது, அந்த ஏடே அதன் சார்பாகச் சாட்சி சொல்லும்.

அந்தி சாயும் நேரத்தில் சோழவந்தான் பாலத்தின்மீது நின்றால், பகலெல்லாம் வயலில் மேய்ந்த கொக்குகள் வெள்ளைக் கோடாக வைகையைக் கடந்து அடையும் மரங்களை நோக்கிப் போவதைக் காணலாம். பேருந்து விரைவில் நாம் அதைப் பலமுறை தவறவிட்டிருக்கிறோம். இனியேனும் சற்று நின்று நோக்குவோம். எத்தனை என்று எண்ணி எழுதியும் வைப்போம். ஆண்டவர் கற்றுக்கொள்ளச் சொன்ன பாடம் நம் தலைக்கு மேலே நாள்தோறும் பறந்து செல்கிறது.